மாதிரித் துண்டுகள் வளர்ந்த பட்டறை

பட்டறை பாதியில் நின்ற ஒன்பதாவது வருடம், பெருமழை விட்ட மறுநாள், அதன் சட்டத்தில் அடித்திருந்த மாதிரித் துண்டுகள் வளரத் தொடங்கின. சிமெண்ட் பலகை ஒரு நாளைக்கு நான்கு விரற்கடை வளர்ந்தது. தகரம் கொஞ்சம் சோம்பேறி, மூன்றுதான்.

பட்டறை, வீட்டின் பின்புறம் பதினான்கு அடி தள்ளி நின்றது. கட்டியவர் தொழிற்சாலையில் முப்பது வருடம் உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, வேண்டாமென்று ஒதுக்கியவர். தெருவில் அவர் பெயர் ரிஜெக்ட். ஓய்வுபெற்றதும் மரவேலை ஆசை வந்தது. சட்டம் நிறுத்தினார், கூரை போட்டார். வெளிப்பக்கம் எதை அடிப்பது என்பதில் வண்டி நின்றுவிட்டது. மரத்தைக் கறையான் தின்னும், தகரம் கொதிக்கும், பிளாஸ்டிக் வெளுக்கும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு குறை வைத்திருந்தார். கடைசியில் ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவு துண்டு வாங்கி ஆணியடித்து, பக்கத்தில் தேதி எழுதி, வெயிலும் மழையும் பார்க்கட்டும் என்று விட்டார்.

மரவேலைக்கு வாங்கிய இயந்திரங்களைச் சுவரில்லாத இடத்தில் வைக்க முடியுமா? அவை சமையலறையில் இருந்த சாப்பாட்டு மேசை மேல் ஏறின. ஒன்பது வருடம் அவர் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார், அவர் மனைவி அடுப்போரம் நின்றபடி சாப்பிட்டாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருந்ததே இரண்டு பேர். எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

"ஏதோ ஒண்ண அடிச்சுத் தொலைங்க. அது கூடவா குடும்பம் நடத்தப் போறீங்க?"

"அவசரப்பட்டா ஆகுமா? இன்னும் ஒரு மழை பாக்கட்டும்."

"ஒவ்வொரு மழைக்கும் எனக்கும்தான் வயசாகுது."

துண்டுகள் மூன்று மாதத்தில் நாலு பக்கமும் மூடின. சாரல் அடிக்கிற இரண்டு பக்கமும் சிமெண்ட் பலகை, வெயில் படாத பக்கம் தகரம், சமையலறையைப் பார்த்த பக்கம் மரம். பிளாஸ்டிக் மட்டும் வளரவில்லை. தெருக்காரர்கள் இரண்டு நாள் வந்து பார்த்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவர் அளவுகோலோடு சுற்றிச்சுற்றி வந்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மனிதர் வாடிப்போனார்.

இயந்திரங்கள் பட்டறைக்குப் போயின. அவள் மேசையைத் தேய்த்துக் கழுவி இரண்டு தட்டு வைத்தாள். அவர் வரவில்லை. உள்ளே போனவர், இதோ வருகிறேன் இதோ வருகிறேன் என்று மூன்று நாள் அங்கேயே சாப்பாட்டை வரவழைத்துச் சாப்பிட்டார். நாலாம் நாள் முதல் அவள் கொண்டுபோகவில்லை; அவரே வந்து தட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். மேசையில் தனியாக உட்கார்ந்தாள். ஒன்பது வருடம் நின்றுகொண்டே சாப்பிட்டபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது. வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் மரப்பலகை மறுபடி வளர்ந்தது, இந்தத் தடவை அவசரமாக. துணிக்கொடியைத் தள்ளிக்கொண்டு ஐந்தே நாளில் வீட்டைத் தொட்டது. சமையலறைச் சுவர் பேசாமல் ஒதுங்கி வழிவிட்டது. ஆறாம் நாள் மதியம் அவள் இரண்டு தட்டைப் போட்டு உட்கார்ந்தபோது, அவர் மரம் இழைத்துக்கொண்டிருந்த இடம் மேசையின் மறுபக்கமாக இருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ எப்ப வந்த?"

"நான் எங்கயும் போகல. நீங்கதான் வந்திருக்கீங்க."

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினார். சாப்பாட்டில் மரத்தூள் விழுந்திருந்தது. இரண்டு பேரும் ஊதிவிட்டுச் சாப்பிட்டார்கள்.