ஒரு டிக்கெட் மிச்சம்

மணியம்மாள் முதியோர் இல்லம் பார்க்கப் போகிறாள் என்றதும் பழவேற்காட்டு ஏரித் தீவான பசியாவரத்தில் பாதிப் பேர் தசரதனைத் திட்டினார்கள். தாயில்லாத பிள்ளையை வளர்த்த அத்தையைக் கொண்டுபோய்த் தள்ளுகிறானே என்றார்கள். உண்மையில் அடம்பிடித்தவள் அவள்தான். எழுபத்தெட்டாம் வருஷத்து மழையில் வழுக்கி விழுந்து, காற்று தணிந்து படகு கிடைக்கும்வரை இடுப்புவலியோடு கிடந்தாள். தசரதன் வலையோடும் அவன் மனைவி காந்தா மீன்கூடையோடும் கிளம்பிவிட்டால் வீட்டில் பேசவும் ஆளில்லை.

"ஆஸ்பத்திரி கிட்டக்க, நாலு மனுசங்க நடுவுல இருக்கணும்டா எனக்கு" என்றாள்.

மறுவருஷம் தை பிறந்ததும் இருவரும் படகேறி, பழவேற்காட்டில் பஸ் பிடித்துப் பொன்னேரிக்குப் போனார்கள். முதலில் பார்த்த இல்லத்தில் தரை பளபளத்தது. மேனேஜர் உள்ளே வந்ததும் கிழவிகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

"சுத்தமா கீது அத்தை" என்றான் தசரதன்.

"இங்க இருந்தா எனக்குப் பேச்சே மறந்துபூடும். வா, அடுத்ததப் பாப்போம்."

இரண்டாவது இல்லம் ரயில் பாதையை ஒட்டிய பழைய ஓட்டு வீடு. வாசலில் இரண்டு மாட்டு வண்டிகள். கிழவிகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, கூச்சலும் சிரிப்புமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். இல்லத்துச் சிஸ்டரோடு பேச தசரதன் உள்ளே போனான். மணியம்மாள் வேடிக்கை பார்த்தபடி நின்றாள். தலையில் கனகாம்பரம் வைத்த ஒருத்தி வண்டியிலிருந்து குனிந்தாள்.

"புதுசா வந்தவளா? நான் குணசுந்தரி. மேட்னி ஷோவுக்குப் போறோம். ஒருத்திக்கு ஜுரம், ஒரு டிக்கெட் மிச்சம். வர்றியா?"

புருஷன் போனபிறகு மணியம்மாள் சினிமாக் கொட்டகைப் பக்கம் போனதில்லை. போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை.

"கை குடு" என்றாள்.

குணசுந்தரி இழுக்க, பின்னாலிருந்து ஒருத்தி தள்ள, மூட்டை மாதிரி உள்ளே விழுந்தாள். வண்டி முழுக்கச் சிரித்தது. இடுப்பு வலித்தது, அவளும் சிரித்தாள்.

கொட்டகையில் சண்டைக்காட்சி வந்தபோது வில்லன் கதாநாயகனின் பின்னால் கத்தியோடு பதுங்கினான். மணியம்மாள் எழுந்து நின்றே விட்டாள்.

"டேய், பின்னால பாருடா!"

உட்காரச் சொல்லி யாரோ அதட்டினார்கள். "நீ கத்து மணி!" என்றாள் குணசுந்தரி, தானும் எழுந்து.

வண்டி திரும்பியபோது தசரதன் வாசலில் நின்றிருந்தான். வெளியே வந்து அத்தையைக் காணாமல் ரயிலடி, கடைத்தெரு எல்லாம் தேடியலைந்து, கடைசியில் சிஸ்டர் சொல்லித்தான் விஷயம் தெரிந்திருக்கிறது. முகம் வெளுத்துக் கிடந்தது.

"சொல்லிட்டுப் போகக் கூடாதா அத்தை? உசுரே போச்சு எனக்கு."

"சொல்லியிருந்தா வுட்டிருப்பியா?" அவன் தோளைப் பிடித்து இறங்கினாள். "தசரதா, நான் இங்கியே இருந்துக்கறேன். இன்னிலேர்ந்தே. சிஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்கு என் துணிமணிய எடுத்துனு வா."

"ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரா என்னைப் படத்துக்கு இட்டுனு போச்சு?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவன் கன்னத்தை அழுத்தித் தட்டினாள்.

"அழுவாதடா. வாரம் தவறாம வந்து பாரு. வரும்போது எறா கொண்டா, எல்லாருக்கும் நானே ஆக்கிப் போடறேன். கிளம்பு, படகு போயிடப் போவுது."

உள்ளே குணசுந்தரியின் குரல் ஓங்கியது. படத்தில் கதாநாயகி கதாநாயகனை மன்னித்தது சரியா தப்பா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை நடந்தது.

"தப்புதான்!" என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு, இடுப்பில் கை ஊன்றியபடி மணியம்மாள் விறுவிறுவென்று உள்ளே போனாள்.