ஓட்டை போட்ட பன்றி

"படிப்பை விட்டுட்டு என்னடி பண்ணப் போற, பன்னி மேய்க்கவா?" என்று கணக்கு டீச்சர் கேட்டார். வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் ஒருத்தி பட்டம் வாங்கிக்கொண்டு அந்த வேலைக்குத்தான் போகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எதற்குமே வாய் வராது. அந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அக்காதான், கடலிலிருந்து எண்ணெய் வந்து சேரும் தன் முனையத்தின் கேன்டீனில் டீ கொடுக்கும் வேலையில் என்னைச் சேர்த்துவிட்டாள்.

அக்காவின் பன்றி இரும்பும் ரப்பரும் கம்பி பிரஷும் சேர்ந்தது. கன்றுக்குட்டி பருமன் இருக்கும். நடுக்கடலில் இரும்புக் கால்களில் நிற்கும் மேடையில் எண்ணெய் சூடாக மேலே வருகிறது. அங்கிருந்து கடலடிக் குழாய் வழியாகக் கரைக்கு வருவதற்குள் குளிர்ந்துபோய், மெழுகு பிரிந்து குழாயின் உட்சுவரில் அப்பிக்கொள்கிறது. அதைச் சுரண்டத்தான் பன்றி. மேடையில் குழாய்க்குள் திணித்துவிட்டால் பின்னால் வரும் எண்ணெயே அதைத் தள்ளிக்கொண்டு கரை சேர்க்கும். போகிற வழியெல்லாம் கீச்கீச்சென்று கத்துமாம், அதனால் அந்தப் பெயர்.

"சின்ன வயசுல இவளைப் பல்லு விளக்க வைக்க நான் பட்ட பாடு! இப்போ கடலுக்கே பல்லு விளக்கி விடுறா" என்பாள் அம்மா.

அந்தக் குழாயை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கும். முதலில் அங்கே வெறும் தண்ணீர்தான். கப்பலிலிருந்து ஒலியை இறக்கி, பாறையில் பட்டுத் திரும்பியதைக் கேட்டே அடியில் எண்ணெய் இருக்கலாம் என்று கண்டுபிடித்தார்களாம். துளைத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். மேடையை மிதக்கவிட்டு இழுத்து வந்து நட்டார்கள். பிறகு ஒரு கப்பல், தன் தளத்திலேயே குழாய்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, ஊசியில் நூல் கோப்பவர்களின் பொறுமையோடு கடலுக்குள் விட்டுக்கொண்டே கரைவரை வந்தது. இதையெல்லாம் செய்தவர்கள் நம்மைப் போல டீயில் சர்க்கரை போதவில்லை என்று முணுமுணுக்கிற மனிதர்கள்தான்.

இந்த முறை அக்கா பன்றியின் நடுவில் ஒரு ஓட்டை போட்டிருந்தாள். அதை மேடைக்கு ஏற்றும் முன்பே முனையத்தின் தலைவர் பார்த்து முறைத்தார். எதைக் கேட்டாலும் அழுத்தத்தைப் பற்றியே பேசுவதால் அவருக்குப் பெயர் பிரஷர் சார். மாத்திரையும் அதற்குத்தான் போடுகிறார்.

"ஏம்மா, வயித்துல ஓட்டை போட்டா அது எப்படிம்மா ஓடும்?"

"மெதுவா ஓடும் சார். ஓட்டை வழியா எண்ணெய் பீச்சி அடிச்சு, முன்னாடி குவியுற மெழுகைக் கலைச்சுவிடும். இல்லேன்னா பன்னி மெழுகைத் தள்ளித் தள்ளி, கடைசியில அதுவே மூடி போட்ட மாதிரி அடைச்சுக்கும்."

பன்றியை அனுப்பிவிட்டு, மேடையில் தன் முறை முடிந்து, அக்கா ஹெலிகாப்டரில் கரைக்கு வந்தாள். காலையிலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டிய பன்றி மதியமாகியும் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியவள், குழாய் கரையேறி முடிகிற இடத்தில் பையை வைத்துவிட்டு நின்றாள்.

"வரலைன்னா என்ன ஆகும்?" என்று மெல்லக் கேட்டேன்.

"கடல்ல இருக்கிற எல்லா எண்ணெய்க் கிணத்தையும் மூடணும். மூடினா எண்ணெய் நின்னுபோயி, குளிர்ல மொத்தக் குழாயும் மெழுகுவத்தி ஆயிடும். அப்புறம் என்னை இந்தப் பக்கமே விடமாட்டாங்க. நீயும் நானும் சேர்ந்து டீ ஆத்தலாம்." சிரித்தாள். உதடு மட்டும்தான் சிரித்தது.

பிரஷர் சார் தொலைபேசியைக் கையில் எடுத்தார். "மேடையில அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கு. இன்னும் கொஞ்சம் ஏத்தித் தள்ளச் சொல்றேன். இல்லாட்டி மூடச் சொல்றேன். ரெண்டுல ஒண்ணு."

"ஏத்தாதீங்க சார். ஏத்தினா மெழுகு இறுகிடும்."

"நீ சும்மா இருக்கச் சொல்லுவ. நாளைக்கு மேலிடத்துல யாரு பதில் சொல்றது? உன் பன்னியா?"

அக்கா குழாயிலிருந்த சிறு வால்வைத் திறந்து ஒரு பாட்டிலில் எண்ணெய் பிடித்தாள். வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். கறுப்புக்குள் பொடிப்பொடியாக வெளிறிய துணுக்குகள் மிதந்தன.

"மெழுகு வருது பாருங்க. ஓட்டை அடைக்கலை. அது அங்க உட்கார்ந்து வேலை செய்யுது. இன்னொரு பாட்டில் பிடிக்கிற வரைக்கும் பொறுங்க. துணுக்கு குறைஞ்சிருந்தா ஓட்டை அடைச்சிடுச்சுன்னு அர்த்தம், நானே மூடச் சொல்றேன்."

அவர் பாட்டிலை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தொலைபேசியைக் கீழே வைத்தார். ஒரு எண்ணெய் வயலையே மூடச் சொல்லும் அதிகாரம் உள்ளவர், ஒரு பாட்டிலை நம்பிக் காத்திருக்கச் சம்மதித்தார். அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

அடுத்த பாட்டிலில் துணுக்குகள் கூடியிருந்தன. அதற்கடுத்தது கூழாகவே இருந்தது.

பன்றி ஓர் இடத்தைக் கடந்தால் குழாய்மேல் ஒரு சின்னச் சிவப்புக் கொடி தானாக எழும்பும். அக்கா என்னை அதன் பக்கத்தில் நிறுத்தி, "ஊமைக்கோட்டான், இது எழும்பினா மட்டும் கத்து" என்றாள்.

கால் வலித்தது. டீ ஆறியது. குழாய்க்குள் ஏதோ உரசுவது போலிருந்தது. கொடி டக்கென்று எழும்பியது.

"அக்கா! பன்னி!"

அது என் குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். பன்றி வந்து நின்ற பகுதியின் வால்வுகளை மட்டும் மூடி, அதிலிருந்த எண்ணெயை வடித்து, அழுத்தம் இல்லையென்று இருமுறை பார்த்த பிறகு குழாய் முனையின் கதவைத் திறந்தார்கள். வழியும் மெழுகோடு கொழுத்த பன்றி வந்தது. மேடையில் அழுத்தம் இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. எண்ணெய் பக்கக் குழாய் வழியாகத் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரஷர் சார் தொழிலாளியின் கையிலிருந்த சுரண்டியை வாங்கி, மண்டியிட்டு, பன்றியின் மெழுகைத் தானே வழித்தார். பிரஷ் கம்பிகளை விரலால் தடவினார். ஓட்டை சுத்தமாகத் திறந்திருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் வழியாக அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். அவளும் குனிந்து இந்தப் பக்கம் பார்த்தாள்.

பிறகு எழுந்தார். சட்டையெல்லாம் மெழுகு. சுரண்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவளைப் பார்த்து ஒருமுறை தலையாட்டிவிட்டு நடந்து போனார்.