வீட்டுக்கொரு வாசகர்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணிக்கு, புலாவ் செபாங் ரயிலடியிலிருந்து நான்கு மைல் தள்ளியிருக்கும் கல்லுமலைத் தோட்டத்தில் அறியாமை ஒழிக்கப்பட்டது.

ஒழித்தவர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி தனபாலன். ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் ஏறி நின்று ஒழித்தார். கீழே நின்ற ஜனங்கள் கொட்டாவி விட்டபடி அதற்குச் சாட்சியாக இருந்தார்கள்.

காரணம் இதுதான். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று அவசரகாலச் சட்டம் வந்து, ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டாயிற்று. வாரம் ஒரு நோட்டீஸ் வந்தது. இத்தனை மணிக்குமேல் வெளியே தலைகாட்டாதே, அரிசி எடுத்துப் போகாதே, அடையாளக் கார்டு இல்லாமல் நடக்காதே. படிக்கத் தெரியாதவர்கள் போய் மாட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அவர்களை மீட்டு வருவதில் கிராணியின் பகல் தூக்கம் கெட்டது. தூக்கம் கெட்ட மனிதர் சிந்தித்தார். திட்டம் பிறந்தது: வீட்டுக்கொரு வாசகர்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான் வாசகர். சட்டையில் சிவப்பு ரிப்பன். சனிக்கிழமை நோட்டீஸை வீட்டில் உரக்கப் படிக்க வேண்டும். வீட்டுக்காரர் அதன் அடியில் கைநாட்டு வைக்க வேண்டும். ‘படிக்கப்பட்டது, கேட்டோம், புரிந்தது’ என்று அச்சடித்தே வந்துவிடும். அதையும் படிக்கத் தெரியாதவர்தான் கைநாட்டு வைத்தார் என்பதைக் கிராணி யோசிக்கவில்லை. திட்டம் போடுகிறவர்கள் அவ்வளவு தூரம் யோசித்தால் எந்தத் திட்டமும் நடக்காது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அங்கமுத்துவின் மகள் கமலவேணிக்கும் ஒரு ரிப்பன் வந்தது.

அவளுக்கு ஒன்பது வயது. மூன்றாவது வருடமாக இரண்டாம் வகுப்பு. அப்பாவின் வெட்டில் எந்த மரத்தில் பால் பிடிக்கும் மங்கு விரிசல் விட்டிருக்கிறது என்று வீட்டிலிருந்தே சொல்வாள். ஒருமுறை கேட்டதை மறக்கமாட்டாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் அவளுக்கு நிற்பதில்லை. பெரட்டுக்கு வந்த ஆட்கள் பெயர் கூப்பிடுமுன் இடம் மாறி நிற்பதுபோல, ஒன்று இன்னொன்றாகிப் போகும். காலையானால் வயிற்று வலி. பள்ளி வாசலில் வாந்தி. பின்னலின் நுனியைக் கடித்துக் கடித்து அது துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பூச்சி மருந்து கொடுத்தார். அம்மா ராஜம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள். வாத்தியார் நல்லமுத்து பிரம்பால் வைத்தியம் செய்தார். அவரும் பாவம், நான்கு வகுப்பையும் ஒற்றை ஆளாக மேய்க்கிறவர்.

ரிப்பன் வந்தபிறகு ஓர் அதிசயம் நடந்தது. சனிக்கிழமை மத்தியானம் நோட்டீஸைக் கொடுக்கும்போது வாத்தியார் நான்காம் வகுப்புப் பையன் மணியத்தை எழுப்பி எல்லாருக்கும் ஒருமுறை படிக்கச் சொல்வார். கமலவேணிக்கு அந்த ஒருமுறை போதும். சாயங்காலம் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, வரி பிசகாமல் சொல்வாள்.

“எம் பொண்ணு, தெரியும்லா,” என்று அங்கமுத்து லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

கிராணி காதுக்கும் போயிற்று. பள்ளிப் பிள்ளை இல்லாத நான்கு வீடுகளையும் அவளிடமே ஒப்படைத்து இரண்டாவது ரிப்பனும் குத்திவிட்டார். வாத்தியார் மட்டும் இடிந்துபோனார். “வீட்ல மணி மாதிரி படிக்கிறியாம். அப்போ இத்தனை நாளும் எங்கிட்ட நடிச்சியா?” அந்த வாரம் பிரம்படி இரட்டிப்பாயிற்று.

வியாழக்கிழமை மணியம் அவளை ‘மக்கு’ என்றான். அவள் அவன் கையைக் கடித்துவிட்டாள்.

ஐந்தாவது சனிக்கிழமை வாத்தியாருக்குக் காய்ச்சல். நோட்டீஸைக் கிராணியே வேலிக் கேட்டருகே நின்று விநியோகித்தார். யாரும் உரக்கப் படிக்கவில்லை. மணியத்திடம் போய்க் கேட்க வழியில்லை. அவன் கையில் இன்னும் கட்டு இருந்தது.

சாயங்காலம் ஐந்து வீட்டு ஆட்கள் அங்கமுத்துவின் வாசலில் குந்தியிருந்தார்கள். “படி தாயி,” என்றார் அவர்களில் ஒருவரான இருளாண்டி. “நீ படிச்சாத்தான் காதுல ஏறுது.”

கமலவேணி காகிதத்தைப் பார்த்தாள். எழுத்துகள் வழக்கம்போல இடம் மாறின. அப்பாவைப் பார்த்தாள். கட்டுச்சோறு எடுத்துப் போகக் கூடாதென்று சட்டம் வந்த நாளிலிருந்து அவன் வெறும் வயிற்றோடு மலை ஏறி, மத்தியானம் கண் இருண்டு திரும்புகிறவன்.

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்,” என்று ஆரம்பித்தாள். “திங்கட்கிழமை முதல் வேலைக்குச் செல்லும் ஆட்கள் பசியோடு செல்லக் கூடாது. சோறு கட்டி எடுத்துச் செல்லலாம். மீறிப் பசியோடு செல்பவர்கள் கடுமையாகத் தண்டிக்கப்படுவார்கள்.”

“அட, கவர்மெண்டுக்கும் புத்தி வந்துருச்சே!” என்றார் இருளாண்டி.

ஐந்து கைநாட்டுகள் விழுந்தன.

திங்கட்கிழமை விடியலில் ஐந்து பேரும் தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கேட்டுக்குப் போனார்கள். உண்மையான நோட்டீஸில் இருந்தது வேறு: இனி சோற்றோடு பிடிபட்டால் எச்சரிக்கை கிடையாது, நேராக ஸ்டேஷன். போலீஸ் லாரி தயாராக நின்றது. பள்ளிக்குப் புறப்பட்ட கமலவேணி அப்பா லாரியில் ஏறுவதைப் பார்த்தாள். அன்று அவள் வாந்தி எடுக்கவில்லை.

ஐந்து பேர் பால்வெட்டு நின்றுபோவதைத் தோட்டத் துரை விரும்பவில்லை. ஸ்டேஷனுக்குப் போன் பறந்தது; ஐவரையும் விட்டார்கள். சாயங்காலம் ஐவரும் ஆபீசில் விசாரணைக்கு நின்றார்கள். கமலவேணியையும் கூப்பிட்டிருந்தார்கள். காய்ச்சல் விட்டு எழுந்த வாத்தியாரும் வந்திருந்தார்.

“கைநாட்டு வெச்சிருக்கியே அங்கமுத்து,” என்றார் கிராணி. “கேட்டோம், புரிந்ததுன்னு.”

“ஆமாங்கய்யா. புள்ள சரியாத்தான் படிச்சா. எங்க காதுலதான் கோளாறு.”

“அஞ்சு பேரு காதுலயுமா?”

“மழைங்கய்யா. தகரம் சத்தம் போட்டுச்சு.”

அந்த வாரம் மழையே இல்லை. இருளாண்டி மட்டும் “நல்ல மழைதான்,” என்று தலையாட்டினார்.

கமலவேணி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். உதடு வீங்கியிருந்தது. “எனக்குப் படிக்க வராது,” என்றாள். “எழுத்து நிக்க மாட்டேங்குது. நானாத்தான் சொன்னேன்.”

வாத்தியார் சிரித்தார். “பார்த்தீங்களா கிராணி? வீட்ல வரி பிசகாம படிக்கிறவ, இங்க வந்து வராதுங்குறா. முழுப் பொய். திமிரு.”

“யாரோ சொல்லிக் குடுத்திருக்கான்,” என்றார் கிராணி, வேலிக்கு வெளியே இருட்டிக்கொண்டிருந்த காட்டைக் கண்ணால் காட்டி. ரிப்பன்கள் இரண்டையும் கழற்றி மேசை இழுப்பறையில் பூட்டினார். தண்டனையாக, அந்த நோட்டீஸை நூறு முறை பார்த்து எழுத வேண்டும்.

திரும்பும் வழியில் அங்கமுத்து தண்ணீர்க் குழாயடியில் நின்றான். “ஏம்மா, அப்பாகிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“மூணு வருசமா சொல்றேனேப்பா,” என்றாள். “வயித்த வலிக்குதுன்னு.”

அவன் குழாயைத் திறந்து முகம் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

மாதக் கடைசியில் கிராணி மறுபடி பெட்டிமேல் ஏறினார். திட்டம் மகத்தான வெற்றி என்றும், முப்பத்தெட்டு வீடுகளின் கைநாட்டும் ஒன்றுகூடத் தவறாமல் வந்திருப்பதாகவும், மற்றத் தோட்டங்களும் இதைப் பின்பற்றத் துரை சிபாரிசு செய்திருப்பதாகவும் அறிவித்தார். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள்.

அன்று காலையும் கமலவேணிக்கு வயிறு வலித்தது.