நேசன்ட் என்று எழுதியது

இன்று மாலை ஆங்கில வகுப்புக்குப் போகவில்லை. அனுமந்தன்பட்டியில் எங்கள் திராட்சை விவசாயிகள் சங்கத்தின் கூட்டம் இருந்தது. துபாய் வியாபாரிக்கு அனுப்பும் அறிமுகக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி போன வாரம் என்னிடம் சொல்லியிருந்தார்கள். நன்றாக எழுதினால் சங்க அலுவலக வேலை எனக்குத்தான் என்றும் பேச்சு.

குறிப்பில் சங்கத்தை ‘நேசன்ட்’ (nascent) என்று எழுதியிருந்தேன். இப்போதுதான் தோன்றி வளரத் தொடங்கியிருப்பது என்று பொருள். பெரும்பாலும் தொழில், இயக்கம், அமைப்பு போன்றவற்றுக்குத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். சங்கம் இந்த ஆண்டுதான் பதிவானது. அதனால் பொருந்தும் என்று நினைத்தேன்.

தலைவர் ராஜா முகம்மது அர்த்தம் கேட்டார். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த பிறகு கொடியில் வரும் முதல் துளிர் மாதிரி என்றேன்.

“துளிர் விட்ட கொடியப் பாக்க எந்த வியாபாரி வந்தாக? குலை தொங்கும்போதுதானே வருவாக? முன்னணிச் சங்கம்னு மாத்து.”

“அது பொய்யில்லையா மாமு?”

“அப்ப உன் உண்மையக் கட்டிக்கிட்டு வீட்ல இரு. நாலு எழுத்துப் படிச்சதும் எங்களப் பச்சப்புள்ளையாக்கித் தவழ விட்டுட்டா பாருங்க. ஏலே விஷாலு, நீ எழுது.”

எல்லோரும் சிரித்தார்கள். விஷாலும் என் ஆங்கில வகுப்பில்தான் படிக்கிறான். என் முகத்தைப் பார்க்காமலே காகிதத்தை இழுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அகராதியை மறுபடியும் பார்த்தேன். பொருள் சரிதான். ஆனால் துளிரைப் பார்க்க எந்த வியாபாரியும் வரமாட்டார் என்பதும் சரிதான். பொய்யில்லாமல் வியாபாரிக்கு எழுத வேறு சொல் உண்டா என்று நாளை வகுப்பில் கேட்கலாம். அங்கே விஷாலும் இருப்பான்.