மலைக்கு அந்தப் பக்கத்து மேகம்

அவள் விமான நிலைய வானிலை அலுவலகத்தில் முன்னறிவிப்பு எழுதுபவள். போன வாரம் அவள் சொன்ன இடிமழை வராமலே போய், இரண்டு விமானங்கள் வீணாக வேறு ஊரில் போய் இறங்கின. அன்றிலிருந்து கன்ட்ரோல் டவரில் அவளுக்குக் 'குடைக்காரி' என்று பேர். அவளும் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

இன்று ரேடார் பழுதாகிக் கிடந்தது. கைவசம் இருந்தது செயற்கைக்கோள் படம் ஒன்றுதான். ஒன்றரை மணிப் படத்தில் மலைக்கு அந்தப் பக்கம் மிளகளவு வெள்ளைப் புள்ளி. பத்து நிமிடத்தில் அது சட்டைப் பொத்தான் அளவாகி, மேகத்தின் உச்சி மைனஸ் இருபது டிகிரியிலிருந்து மைனஸ் நாற்பதுக்குக் குளிர்ந்திருந்தது. அப்படிக் குளிர்ந்தால் மேகம் விறுவிறுவென்று உயரம் ஏறுகிறது என்று அர்த்தம். காற்றோ ஓடுபாதையைப் பார்த்து வீசியது. மூன்றே முக்காலுக்கு இடிமழை இங்கே வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

கணினிக் கணிப்பு வானம் சுத்தம் என்கிறது, வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, இன்னொரு தடவை எச்சரிக்கை தப்பாகப் போனால் மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுதி மாளாது என்றார் அவளுடைய அதிகாரி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

“எச்சரிக்கை கொடுத்துடுறேன் சார். தப்பாப் போனா கடிதத்தையும் நானே எழுதுறேன்.”

அவர் தன் அறைக்குப் போய்விட்டார். அவள் அனுப்பிவிட்டாள்.

வேறு ஊரிலிருந்து இங்கே வரக் கிளம்பவிருந்த விமானத்தின் பொறுப்பாளர் இரண்டரைக்குப் போன் செய்தார். மழை ஓயும்வரை வானில் காத்திருக்கக் கூடுதல் எரிபொருள் ஏற்றினால், எடை மிஞ்சாமல் கொஞ்சம் சரக்கை இறக்க வேண்டும். நிச்சயம்தானா என்று கேட்டார்.

“நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த விமானத்துல நான் வர்றதா இருந்தா, ஏத்திட்டுத்தான் கிளம்பச் சொல்லுவேன்.”

அவர் ஏற்றினார். ஷிஃப்ட் முடிந்தும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போகும்படி கணவனிடம் சொல்லிவிட்டாள்.

மூன்றே முக்கால் ஆயிற்று. சுள்ளென்று வெயில். எச்சரிக்கையை ரத்து செய்யலாமா என்று டவரிலிருந்து கேட்டார்கள். புதிய படத்தில் உச்சி மைனஸ் ஐம்பத்தெட்டு. மேகம் நடை தளர்ந்திருந்தது, திசை மாறவில்லை. வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

நாலு ஐந்துக்குக் காற்று திரும்பியது. புழுதி எழுந்தது, பின்னாலேயே கொட்டிய மழையில் ஓடுபாதை கண்ணுக்கே தெரியவில்லை. அந்த விமானம் இடிமழைக்கு வெளியே முப்பத்தைந்து நிமிடம் வட்டமடித்தது. கூடுதல் எரிபொருள் இருந்ததால் யாரும் பதறவில்லை. மழை ஓய்ந்ததும் வந்து இறங்கியது.

பதிவேட்டில் அவள் எழுதினாள்: 'இடிமழை வந்தது. நேரம் இருபது நிமிடம் பிசகியது.' பிறகு ஒன்றரை மணிப் படத்தை மறுபடி திறந்து, வேகத்தை எங்கே கூட்டிப் போட்டோம் என்று தேட ஆரம்பித்தாள்.