ஆணி அடித்த காலப்பிரமாணம்

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஸ்டில்ஹவுஸ் ஓடைக்கரை பாப்டிஸ்ட் சபையின் பெரிய பைபிள்மேல் இடது கையை வைத்து, வலது கையை உயர்த்தி, பல்செட்டைக் கழற்றாமல் செய்யும் சத்தியம். எந்த இடத்திலும் கூட்டிச் சொல்லவில்லை. ஓரிரு இடங்களில், கேட்பவர் நம்பமாட்டார் என்பதற்காகக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

ஹோபர்ட் ஸ்டாம்பருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பிறந்ததிலிருந்தே அப்படி. சபையில் போதகர் ஜெபத்தைத் தொடங்கும்போதே இவன் ஆமென் சொல்லி முடித்திருப்பான். பசு கறக்க உட்கார்ந்தால் பாத்திரத்தில் பால் விழாது, வெண்ணெய்தான் விழும். கொஞ்ச நாள் பள்ளிப் பேருந்து ஓட்டினான். பிள்ளைகள் எழுந்திருப்பதற்கு முன்பே பேருந்து பள்ளிக்குப் போய்விடுகிறது என்று புகார் வரவே, அந்த வேலையும் போயிற்று.

மாண்டலின் வாசிப்பதில் கென்டக்கியின் கிழக்கு மலைப்பக்கம் முழுவதிலும் அவனுக்கு இணையான விரல் கிடையாது. குறை ஒன்றுதான். எந்தப் பாட்டை எடுத்தாலும் வேகம் ஏறிக்கொண்டே போகும். போன கோடையில் புளூகிராஸ் இசைத் திருவிழா மேடையில் ஸ்டாம்பர் குடும்பக் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது, மற்றவர்கள் பாட்டின் நடுவில் இருக்கையில் இவன் முடித்துவிட்டான். முடித்தவன் மாண்டலினைப் பெட்டிக்குள் வைத்து, கீழே இறங்கி, வரிசையில் நின்று, ஆப்பிள் வைத்துப் பொரித்த பலகாரம் ஒன்றை வாங்கித் தின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கடைசி அடிக்கு வந்துசேர்ந்தார்கள்.

பிடில் வாசிப்பது அவனுடைய அக்கா அர்வெல்லா. அப்பாவுக்குப் பிறகு குழு அவள் கையில். மேடையை விட்டு இறங்கியதும் தம்பியைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டாள். அந்த ஒரு வருடமும் ஹோபர்ட் வீட்டுக்குள் நடந்த நடையில் தரைவிரிப்பு கிழிந்து, அதற்கடியில் பலகை தேய்ந்து, அதற்கும் அடியில் மண் தெரிந்தது. மறுபடி அக்காவுக்குப் பக்கத்தில் மேடையில் நிற்கவேண்டும். வேறு எந்த நினைப்பும் அவனுக்கு இல்லை.

திருவிழாவுக்கு முந்தைய வாரம், ஓடையின் மேல்கரையில் கத்துக்குட்டிகளுக்கு வாத்தியப் பயிலரங்கு நடக்கும். ஒஹாயோவிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் புத்தம்புது பாஞ்சோக்களோடு வந்து இறங்குவார்கள். வாரம் முழுக்க கற்றுக்கொண்டு, சனிக்கிழமை கடைசி வகுப்பு முடிந்ததும் கீழ்க்கரை மைதானத்துக்கு, திருவிழாவுக்கு இறங்குவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையல் கூடாரத்தில் பீன்ஸும் சோளரொட்டியும் தின்றுகொண்டிருந்த அர்வெல்லாவின் எதிரே ஹோபர்ட் வந்து உட்கார்ந்தான். அவன் முழங்கால் பட்டு மேசை ஆடியது.

"அக்கா, இந்த வருசம் நான் நிக்கிறேன்."

"எங்க?"

"மேடையில. உன் பக்கத்துல."

"நீ நிப்பியா? நீ நின்னு நான் பாத்ததே இல்லயேடா. தூங்கும்போதுகூட உன் கட்டில் பக்கத்து ரூமுக்குப் போயிருது."

"ஒரு வருசமாப் பழகிருக்கேன்."

"என்னத்தப் பழகுன?"

"மெதுவா வாசிக்க."

"அதையும் வேகமாப் பழகிருப்ப," என்றாள் அர்வெல்லா. "மாண்டலினுக்கு கோல்பியச் சொல்லிட்டேன்."

கோல்பி அவள் கணவர் டென்வருக்குச் சித்தப்பா மகன், நாற்பது வயதுக்காரன். கடிகாரம் மாதிரி வாசிப்பான். கேட்பதற்கும் கடிகாரம் மாதிரியே இருக்கும்.

"கோல்பியா? அவன் வாசிச்சா செத்தவன்கூடக் கொட்டாவி விடுவான்க்கா."

அதை அவள் மறுக்கவில்லை. ரொட்டியைப் பீன்ஸ் சாற்றில் முக்கியபடி யோசித்தாள்.

"சரி. நாளைக்குக் காலைல கத்துக்குட்டி வட்டத்த நீ நடத்து. ஒரே ஒரு பாட்டு. எடுத்த வேகத்துலயே முடிச்சுக் காட்டு, சாயங்காலம் என் பக்கத்துல நில்லு. ஒரு இம்மி ஓடுனாலும் கோல்பிதான். நான் உக்காந்து கேப்பேன்."

சுற்றி உட்கார்ந்து வாசிக்கும் அந்த வட்டத்துக்கு ஒரு முறை உண்டு. பாட்டை எடுத்தவனுக்குத்தான் அது சொந்தம். அவன் தலையசைத்தால் அடுத்த ஆள் தனி வாசிப்பார். அப்படியே சுற்றிச் சுற்றி வரும். போதும் என்று அவனுக்குத் தோன்றினால் ஒரு காலை முன்னால் தூக்கிக் காட்டுவான். அதோடு எல்லாரும் ஒன்றாக முடிப்பார்கள். வாய் திறக்கும் வழக்கம் இல்லை. அந்த வாரம் முழுக்க அர்வெல்லா கத்துக்குட்டிகளின் மண்டையில் ஏற்றியிருந்ததும் அதைத்தான்: "கூடாரம் தீப்பிடிச்சாலும் சரி, எடுத்தவன் கால் தூக்குற வரைக்கும் நிறுத்தக் கூடாது. கண்ணு அவன் கால்லயே இருக்கட்டும்."

விடிந்தும் விடியாமலும் ஹோபர்ட் மச்சானைத் தேடிப் போனான். டென்வர் பேஸ் என்கிற ஆளுயரத் தந்திவாத்தியம் வாசிப்பவர். பயிலரங்குக் கூடாரத்தின் தரையைப் போட்டவரும் அவரே. புகையிலைக் கொட்டகையைப் பிரித்தபோது கிடைத்த நீள நீளமான பலகைகளை, ஈரம் தட்டாமல் இருக்க, காலி பிளாஸ்டிக் பீப்பாய்களின்மேல் பரப்பிக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"மச்சான், கோளாறு விரல்ல இல்ல. கால்ல இருக்கு. கால் தட்டத் தட்ட வேகம் ஏறுது."

"அதுக்கு?"

"ஆணி அடிச்சிருங்க."

டென்வர் எதையும் திருப்பிக் கேட்கிற ஆள் இல்லை. சுத்தியலை எடுத்து வந்தார். ஹோபர்ட் முழங்கால்வரை கயிறு கட்டுகிற மரவெட்டி பூட்ஸைப் போட்டுக்கொண்டு நின்றான். அடித்தோல் ஓரமாக ஆணிகள் இறங்கின.

"போதுமா மாப்ள?"

"அந்தக் காலையும் அடிங்க. ஒன்ன அடிச்சா இன்னொன்னு துள்ளும்."

வலது கால் ஒரு பலகையில், இடது கால் அடுத்த பலகையில். டென்வர் நேர்த்தியான மனிதர். ஆணித் தலைகளின்மேல் கறுப்புப் பாலிஷ் தடவித் துடைத்தார்.

காலையுணவு முடிந்து கத்துக்குட்டிகள் வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவர்களில் மும்முரமானவர் ஒஹாயோக்காரர் வார்ரன் பிக்கெட், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். பாஞ்சோவை மடியில் வைத்துக்கொண்டு, நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோல ஹோபர்ட்டின் பூட்ஸைப் பார்த்தார். அர்வெல்லா பிடிலோடு எதிர்ப்பக்கம் போய், ஹோபர்ட்டின் வலது கால் இருந்த பலகையின் மறுகோடியில் இருந்த ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹோபர்ட் ஓர் எளிய நடனப் பாட்டை எடுத்தான். நத்தை ஏறுகிற வேகம். வட்டம் பிடித்துக்கொண்டது. பாட்டு ஒருமுறை சுற்றி வந்தது, இன்னொருமுறையும் வந்தது. வேகம் அப்படியே நின்றது. ஹோபர்ட்டுக்கே அது அதிசயமாக இருந்தது. முடித்துவிடலாம் என்று காலைத் தூக்கினான்.

கால் வரவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பேஸ் வாசித்துக்கொண்டிருந்த டென்வர் பக்கம் சாய்ந்தான்.

"மச்சான், ஆணியப் புடுங்குங்க."

"பேஸ யாரு வாசிப்பா? நான் விட்டா வட்டமே சரிஞ்சிரும்."

"அப்ப என்ன செய்ய?"

"வாயால சொல்லேன், போதும்னு."

"ஏன் கால தூக்கலன்னு அக்கா கேப்பாளே."

"கேப்பா," என்று ஒத்துக்கொண்டார் டென்வர்.

கையை எடுத்துப் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கலாம் என்றால் மாண்டலின் நின்றுபோகும். நின்றால் பாட்டை முடித்ததாக ஆகாது. ஆகவே பாட்டு போய்க்கொண்டே இருந்தது. காலில் அடைபட்ட வேகம் சும்மா இருக்குமா? முழங்காலுக்கு ஏறியது. ஹோபர்ட் முழங்காலை இறுக்கினான். இடுப்புக்கு வந்தது. இடுப்பை இறுக்கினான். தோள் வழியாக விரலுக்குப் போகப் பார்த்ததை அங்கேயே மறித்து, கழுத்தின் வழியாக மேலே தள்ளிவிட்டான். மீசை இரட்டை வேகத்தில் துடித்தது. காதுகள் விசிறிபோல அடித்துக்கொண்டன. தொப்பி தலையிலேயே தானாகச் சுற்ற ஆரம்பித்தது. விரல் மட்டும் நத்தைக் காலத்திலேயே நடந்தது.

மலைமுகட்டின் பின்னாலிருந்து மேகம் வந்தது. மழை வாளி வாளியாகக் கொட்டியது. ஓடை கரையேறிக் கூடாரத்துக்குள் நுழைந்தது. பீப்பாய்கள் முனகின. கூடாரக் கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. தரை, வட்டத்தோடும் நாற்காலிகளோடும், மெல்ல எழும்பி மிதக்கத் தொடங்கியது. யாரும் கண்ணை எடுக்கவில்லை. எல்லார் கண்ணும் பூட்ஸ்மேல்.

அர்வெல்லா மட்டும் ஒருதரம் கண்ணைத் திறந்து கரையைப் பார்த்தாள்.

"மரமெல்லாம் போகுது," என்றாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

சமையல்காரி ஓமா ஜீன் பதறிப்போய்க் கரையோடு ஓடிவந்தாள். "ஏய் ஹோபர்ட், மதியச் சாப்பாட்டுக்கு இருப்பீங்களா, மாட்டீங்களா?"

மாட்டார்கள் என்று அவளாகவே முடிவுசெய்து, சோளரொட்டிகளைக் கரையிலிருந்து எறிந்தாள். பிக்கெட் தன்னுடைய தனியை வாசித்தபடியே, ஓர் அடிகூடத் தவறாமல், இரண்டை வாயால் பிடித்தார். ஒன்றைத் தலையைத் திருப்பிப் பக்கத்துக் கிதார்க்காரம்மாவுக்குக் கொடுத்தார்.

மைதானம் தெரிந்தது. திருவிழாவுக்கு வந்தவர்கள் மடக்கு நாற்காலிகளில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓடை வளைவில், மேடைக்குப் பக்கத்தில், தரை சரளைமேட்டில் ஏறித் தட்டி நின்றது. முன்பக்கம் கரையில், பின்பக்கம் ஆழத்தின்மேல். பலகைகளைக் கட்டியிருந்த கயிறுகள் அவிழ்ந்தன. கூட்டம் கைதட்டியது. அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில், "தண்ணி வழியா வர்ற குழு நிகழ்ச்சி நிரல்ல இல்லயே," என்று சொல்லிவிட்டு, மரியாதைக்குத் தானும் தட்டினார். ஆனால் பாட்டு முடியவில்லை. கைதட்டிக் கைதட்டி ஓய்ந்தார்கள். சிலர் பலகாரக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். அப்போதும் முடியவில்லை.

"யோவ், வேற ஆளுக்கும் மேடை வேணும்யா," என்றார் அறிவிப்பாளர்.

அர்வெல்லா கண்ணைத் திறந்தாள். "முடிக்கிறியாடா? இல்ல, இப்படியே ஒஹாயோ ஆறுவரைக்கும் போறதா இருக்கியா?"

உண்மையைச் சொன்னால் கோல்பி. நிறுத்தினாலும் கோல்பி. ஹோபர்ட் கண்ணை மூடினான். மீசையிலும் காதிலும் தொப்பியிலும் காலையிலிருந்து சேர்த்துவைத்த வேகம் மொத்தத்தையும் கீழே இறக்கினான். கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று இறக்கி வலது காலுக்குக் கொண்டுவந்து, தூக்கினான்.

ஆணி வரவில்லை. பலகை வந்தது. நடுவில் பீப்பாய், இந்த முனையில் ஹோபர்ட்டின் கால், அந்த முனையில் ஐஸ்பெட்டிமேல் அக்கா. இந்த முனை ஏறிய அளவுக்கு அந்த முனை இறங்கியது. அர்வெல்லா ஐஸ்பெட்டியோடு சத்தமில்லாமல் ஓடைக்குள் போனாள். பிடிலும் வில்லும் மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தன. கடைசிச் சுற்றை அவை வாசித்துக்கொண்டிருந்தன.

கால் தூக்கியாயிற்று. கத்துக்குட்டிகள் அத்தனை பேரும் ஒரே அடியில் முடித்தார்கள். அவ்வளவு சுத்தமான முடிவை அந்த மைதானம் அதற்குமுன் கேட்டதில்லை.

அர்வெல்லா தண்ணீரை விட்டு எழுந்து வந்தாள். தொப்பியைக் கழற்றினாள், உள்ளே ஒரு மீன் இருந்தது. அதை ஓடையில் விட்டாள். தம்பிக்கு முன்னால் வந்து நின்றாள். ஹோபர்ட் இன்னும் பலகையோடு ஒரு காலில் நின்றிருந்தான்.

"ஒரு இம்மி ஓடல," என்றாள்.

"ம்."

"தண்ணிக்குள்ள இருந்தும் கேட்டேன். அங்கயும் ஓடல." பிறகு குனிந்து பார்த்தாள். "அது என்னடா கால்ல?"

"பலகை."

"எதுக்கு?"

ஹோபர்ட் மச்சானைப் பார்த்தான். டென்வர் பேஸுக்குப் பின்னால் போனார். பேஸ் அகலமானதுதான், டென்வர் அதைவிட அகலம்.

"கால் தட்டக் கூடாதுன்னு ஆணி அடிச்சேன்க்கா."

அர்வெல்லா நனைந்த தலைமுடியைப் பிழிந்தாள். ஹோபர்ட்டின் மீசை லேசாகத் துடித்தது. ஒரு வருட நடை முழுக்க அந்த மீசையில் வந்து நின்றது.

"புத்திய ஆணி அடிக்க முடியாதவன் கால அடிச்சிருக்கான்," என்றாள். "அது ஏமாத்து வேலைதான். ஆனா நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் இவ்வளவு நேரம் ஒரே எடத்துல நின்னதில்ல. சாயங்காலம் வா."

"ஆணிய எடுத்துரட்டுமா?"

"எடுத்தியோ கொன்னுருவேன். பலகையோட வா."

"மேடைப் படி குறுகலாச்சேக்கா, பலகை நீளம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். மாண்டலின் பெட்டியோடு கோல்பி சரியான நேரத்துக்கு வந்து நின்றிருந்தான்.

"கோல்பி, நீ மறுமுனையத் தூக்கிக்க."

அன்று சாயங்காலம் ஸ்டாம்பர் குழு மேடையேறியபோது ஹோபர்ட் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான். அவனுக்குப் பின்னால் இரண்டு காலின் இரண்டு பலகை, அவற்றின் நடுவில் உட்கார்ந்தபடி கோல்பி. பாட்டு எடுத்த வேகத்திலேயே போய், எடுத்த வேகத்திலேயே முடிந்தது. ஒவ்வொரு முடிவிலும் கோல்பி மட்டும் கொஞ்சம் உயரே போய் வந்தான்.

அந்தப் பயிலரங்குக் கூடாரத்துக்கு அன்றிலிருந்து இன்றுவரை பலகைத் தரை கிடையாது. புல்மேல்தான் நாற்காலி போடுகிறார்கள்.