வெள்ளையாகவே இருந்த காகிதம்

நியான் குழாய் ஏன் மினுக் மினுக்கென்று அடிக்கிறது என்று எங்கள் நியான் போர்டு கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். என்னை இல்லை, அண்ணனை. கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி எழுத்தாக வளைக்கிறவன் அவன். அதை வேடிக்கை பார்க்க நாலு பேர் நிற்பார்கள். பின்னால் பம்ப் அறையில் பதினோரு வருஷமாக அவன் தங்கச்சி நான் செய்கிற வேலையை ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்கும்படி அதில் ஒன்றும் இல்லைதான்.

அண்ணன் வளைத்துக் கொடுத்த குழாயை நான் பம்பில் மாட்டுவேன். உள்ளே இருக்கிற காற்றை இழுத்துவிட்டு, பெரிய கரண்ட் கொடுத்துக் கண்ணாடியைச் சுட வேண்டும். கண்ணாடி பார்க்கத்தான் சுத்தம். உள்பக்கம் ஈரமும் அழுக்கும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சுட்டால்தான் அது பிரியும், பிரிந்தால்தான் பம்ப் இழுக்கும். அதற்குப் பிறகுதான் உள்ளே நியான் கேஸ் விடுவது. போதுமான சூடு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, குழாயின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிடுவேன். காகிதம் காப்பி நிறத்துக்குக் கருகினால் கரண்டை நிறுத்தலாம். கருகிய துண்டை அந்த வேலையின் ஆர்டர் அட்டையில் குண்டூசியால் குத்தி வைப்பேன். யாரும் கேட்டு இல்லை. நானாகவே பிடித்துக்கொண்ட பழக்கம்.

பல் டாக்டர் வந்தது நல்ல நேரத்திலா கெட்ட நேரத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கிளினிக் வாசலுக்கு ஆள் உயரத்துக்கு ஒரு பல் வேண்டும், அதுவும் சிவப்பில் வேண்டும் என்றார். சிவப்புதான் தூரத்திலிருந்து தெரியுமாம். அதே வாரம்தான் அண்ணன் ஒரு சினிமா தியேட்டரின் முகப்பு முழுவதற்கும் ஆர்டர் பிடித்துவிட்டு வந்தான். நாற்பது குழாய். "இந்த வேலையிலேருந்து பம்ப் ரூம் முழுசா உன்னோடது. கேரண்டி கார்டுல என் கையெழுத்துக்குப் பக்கத்துல உன் கையெழுத்தும் இருக்கும்" என்றான். அன்று எனக்குக் கால் தரையில் படவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பழைய அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கூடப் பார்த்தேன்.

டாக்டரின் கிளினிக் திறப்பு அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது. ஐந்து மணிக்குள் பல்லை மாட்டியாக வேண்டும். நான் குழாயைச் சுட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அண்ணன் உள்ளே வந்து சுவிட்சை அணைத்தான்.

"போதும், கேஸ் விடு."

"பேப்பர் இன்னும் வெள்ளையா இருக்குண்ணா."

"அனல் மூஞ்சியில அடிக்குது, அப்புறம் என்ன பேப்பர்? டாக்டர் நாலு தடவ போன் பண்ணிட்டாரு."

"இன்னும் பத்து நிமிஷம் குடு."

"உன் பத்து நிமிஷத்துல அங்க என் மானம் போகும். விடுன்னா விடு."

விட்டேன். பல் ஜம்மென்று எரிந்தது. சரியாகச் சுடாத குழாயும் முதல் நாள் எப்போதும் ஜம்மென்றுதான் எரியும். பழக்க தோஷத்தில் அந்த வெள்ளைக் காகிதத்தையும் அட்டையில் குத்தி வைத்தேன்.

மூன்றாவது வாரம் டாக்டர் போன் செய்தார். பல் விட்டு விட்டு எரிகிறதாம். தெருவில் போகிறவன் ஒருவன் உள்ளே தலையை நீட்டி, "டாக்டர், மொதல்ல உங்க பல்லுக்கு வைத்தியம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

நானும் அண்ணனோடு போய்ப் பார்த்தேன். சிவப்பு வெளுத்துப் போயிருந்தது. வெளிச்சம் குழாய்க்குள் புழு மாதிரி நெளிந்தது. ஒரு முனை கறுக்கத் தொடங்கியிருந்தது. சுட்டு எடுக்காத அழுக்கு இப்போது மெதுவாகக் கிளம்பி கேஸோடு கலக்கிறது. எனக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்தது என்றால் அவனுக்கு அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

"டிரான்ஸ்பார்மர்தான் டாக்டர். இழுக்கிற சக்தி பத்தல" என்றான். மாற்றினான். நிற்கவில்லை.

அடுத்த வாரம், "ஒயர் ஜாயின்ட் லூசா இருக்கு, மழைத் தண்ணி எறங்கியிருக்கு" என்றான். அதையும் மாற்றினான். இரண்டுமே குழாய் மினுக்குவதற்கு நியாயமான காரணங்கள்தான், எத்தனையோ போர்டுகளில் பார்த்திருக்கிறேன். இந்தப் பல்லுக்கு மட்டும் பொருந்தாது.

வண்டியில் திரும்பும்போது சொன்னேன். "கழட்டிட்டு வந்துடுண்ணா. மறுபடி சுட்டு கேஸ் விட்டுத் தரேன். ஒரே நாள் வேலை."

"கழட்டினா தப்பு நம்மளுதுன்னு ஆயிடும்."

"நம்மளுதுதானே?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வண்டியை ஓட்டினான்.

ஐந்தாவது வாரம் பல் மொத்தமாக அணைந்தது. டாக்டர் கடைக்கே வந்துவிட்டார். டிரான்ஸ்பார்மரும் புதுசு, ஒயரும் புதுசு, இனி என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார். அண்ணன் பம்ப் அறைக்குள் வந்தான், அட்டைக் கட்டைப் புரட்டினான், டாக்டரின் அட்டையை உருவிக்கொண்டு போனான்.

"டாக்டர், மறைக்காம சொல்றேன். வளைச்சது நான், அதுல குத்தம் சொல்ல முடியாது. பம்ப் பாக்குறது என் தங்கச்சி. இந்தப் பேப்பர் கருகணும். பாருங்க, பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு. அவ கையாலேயே குத்தி வெச்சிருக்கா."

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் நோயாளியை அப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாடிக்கைக்காரர் முன்னால் அண்ணனைத் தலைகுனிய வைப்பானேன், அவர் போன பிறகு அவனே சரி செய்துவிடுவான் என்று நினைத்தேன். தியேட்டர் வேலையும் மனசில் இருந்தது, பொய் சொல்வானேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் போனதும் அண்ணன் தணிந்த குரலில் சொன்னான். "கடைப் பேரு முக்கியமில்லையா? உன் பேரு கெட்டா யாருக்குத் தெரியப் போவுது? உன் பேரே வெளிய யாருக்கும் தெரியாதே." ஆறுதலாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள் அண்ணியின் தம்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான். தியேட்டர் வேலைக்கும் அவன்தானாம், கார்டில் அவன் கையெழுத்துத்தானாம். எனக்குக் கறுப்புப் பெயின்ட் டப்பாவும் பிரஷும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாத குழாய்ப் பகுதியில் பூசி மறைக்கிற வேலை.

டாக்டருக்காக அண்ணன் மறுபடி வளைத்த புதுப் பல்லைத்தான் அவன் முதலில் பம்பில் மாட்டினான். நான் வாசல் பக்கம் உட்கார்ந்து பூசிக்கொண்டிருந்தேன். உள்ளே அண்ணன் மைத்துனனை முந்திக்கொண்டு தானே குழாயின் மேல் காகிதம் வைத்தான். ஒன்று இல்லை, இரண்டு. கையைக் கட்டிக்கொண்டு, இமைகூடக் கொட்டாமல் காத்திருந்தான். பதினோரு வருஷத்தில் அவன் ஒருநாள்கூட அப்படி நின்றதில்லை. ஏதோ அவசரத்தில் தெரியாமல் செய்துவிட்டான் என்று அதுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று.

டாக்டர் அந்த நேரம் பார்த்து வந்தார். "என்ன இது, காகிதமெல்லாம் வெச்சு?"

"இது கருகாம என் கடையிலேருந்து ஒரு ட்யூப் வெளிய போவாது டாக்டர்" என்றான்.

பிரஷை டப்பாவிலேயே போட்டுவிட்டு எழுந்தேன். "அன்னிக்கும் பேப்பர் வெச்சேன், டாக்டர். வெள்ளையா இருக்கு, பத்து நிமிஷம் குடுன்னு கேட்டேன். சுவிட்ச அணைச்சது அண்ணன். அவனையே கேளுங்க."

அண்ணன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணியின் தம்பி கூரையைப் பார்த்தான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் உங்க வீட்டு விஷயம்மா. எனக்கு போர்டு எரிஞ்சா போதும். சாயங்காலம் கிடைக்குமா?"

"கிடைக்கும் டாக்டர்" என்றான் அண்ணன்.

அவர் போய்விட்டார். உள்ளே காகிதம் இரண்டும் அழகாகக் காப்பி நிறத்துக்குக் கருகின. அண்ணன் கரண்டை நிறுத்தினான். பிறகு, என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினான்.

"தியேட்டருக்கு நாப்பது ட்யூப் இருக்கு. பேப்பர் கொஞ்சம் கிழிச்சுக் குடு. உனக்குத்தான் அளவு தெரியும்."

கையில் இருந்த பெயின்டைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்து கிழித்தேன்.